கெழங்குக்கு எறச்சி காத்திருக்கணும்

மக்களே, இப்படி வந்து இரி. பயப்படாத, ஏசுததுக்குக் கூப்புடல்ல. நேத்து ராத்திரி நீ ஆக்குன சாப்பாட்டப் பத்தி ரெண்டு வார்த்த பேசணும். சாப்புடும்போது "எப்படி இருக்கு பாட்டா"ன்னு கேட்ட. நானும் "கொள்ளாம்"னு சொன்னேன். கன்னியாமரி ஜில்லாவுல கொள்ளாமுக்கு எத்தன அர்த்தம் உண்டுன்னு, பதினோரு வருசமா அமெரிக்காவுல கெடக்குத ஒனக்கு மறந்துபோயிருக்கும். பொண்ணு பாத்துட்டு வந்து கொள்ளாம்னா ஒரு அர்த்தம். கடன் வாங்குனவன் வீட்டுல காப்பி குடிச்சிட்டுக் கொள்ளாம்னா வேற அர்த்தம். நேத்து நான் சொன்னது ரெண்டாவது.

81 வயசுல எனக்கு மிச்சம் இருக்கது பதினாறு பல்லு. நேத்து அதுல நாலு ஆடிப்போச்சு. ரெண்டு ஒன் எறச்சியில, ரெண்டு ஒன் கெழங்குல. பாரபச்சம் இல்லாம ஆக்கியிருக்க, அதுக்கு ஒன்னப் பாராட்டணும்.

நடந்தத நானே சொல்லுதேன், நீ சும்மா கேளு. போன்ல ஒருத்தன் செய்து காட்டுனான். ஒத்தச் சட்டி, 20 நிமிசம், எறச்சியும் உருளக்கெழங்கும் ரெடி. நீயும் கையில கட்டுன வாச்சப் பாத்துக்கிட்டு அடுக்களையில எறங்குன, என்னமோ பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் மாதிரி. பிரிட்ஜ்லேருந்து எறச்சிய எடுத்த, அது ஐஸ் மாதிரிக் குளுந்துபோய் வெறச்சு நிக்கு. கெழங்க ரெண்டா வகுந்த, தேங்காய ஒடச்ச மாதிரி. சட்டி சூடாகுததுக்குள்ள ரெண்டையும் சேத்து உள்ள போட்டு, மேல வெண்ணெய் ஒரு கட்டி. சட்டியில தண்ணி விட்டு, எறச்சி வெளுத்து, காய்ச்சல்காரன் மூஞ்சி மாதிரி ஆச்சு. ஒனக்கு வெப்ராளம் தாங்கல்ல, தீயக் கூட்டுன. தண்ணி வத்துச்சு, வெண்ணெய் கரிஞ்சுது. கூரையில ஒட்டி வச்சிருக்க வெள்ள டப்பா அலற ஆரம்பிச்சுது. நீ துவர்த்த எடுத்து அதுக்கு வீசுன வீச்சு இருக்கே, நம்ம கோயிலுக்குப் பிசப்பு வந்தப்பக்கூட யாரும் அப்படி விசிறுனதில்ல.

இதுக்கு 50 நிமிசம் ஆச்சு. நான் கடியாரத்தப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ராத்திரி டூட்டிக்குப் போற ஒன் பொண்டாட்டிக்கு வயித்துக்கு எதாச்சும் குடுத்தனுப்பணும்னு நீ அடுக்களையில நிக்கியே, அது எனக்குச் சந்தோசம்தான். ஒங்க அப்பன் சுடுதண்ணி வச்சாக்கூட அடி பிடிக்கும். நீ அதுக்கு மேல ஒரு படி ஏறிட்ட. ஆனா ஒத்தச் சட்டின்னா சோலி கொறவுன்னு யாரு ஒனக்குச் சொன்னா? கழுவுத சோலிதான் கொறவு. நாலு சட்டி வச்சு ஆக்குனா ஒவ்வொண்ணும் அததுக்க பாட்டுக்கு வேகும். ஒத்தச் சட்டியில ஒண்ணுக்க நேரம் இன்னொண்ணுக்குத் தெரியணும். கூட்டுக் குடும்பம் மாதிரி. எவன் மொதல்ல குளிக்கான், எவன் பொறவு குளிக்கான்னு மொற இல்லாட்டா அன்னைக்கே சண்டைதான்.

அந்த மொறையத்தான் நீ தல கீழாப் பிடிச்சிட்ட. அதுல ஒன்ன மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நாங்க வளத்த வளப்பு அப்படி.

ஓர்மை இருக்கா ஒனக்கு, கொலசேகரத்துல நம்ம வீட்டு ஞாயித்துக்கெழம? கோயில் முடிஞ்சு வெளிய வந்தா மொத சோலி மாட்டெறச்சி வாங்குததுதான். தேக்கெலையில பொதிஞ்சு, வாழநாரு போட்டுக் கட்டித் தருவான். அது என்ன மாடு? பத்துப் பன்னெண்டு வருசம் வண்டி இழுத்து, உழுது, மனுசனுக்கு ஒழைச்சுத் தேஞ்சுபோன மாடு. ஒடம்பெல்லாம் நாரு. ஒங்க பாட்டி அத அடுப்புல ஏத்துனா எறக்க ரெண்டு மணி நேரம். எறச்சி வெந்து, தேங்காக்கொத்தும் நல்லமொளவும் போட்டு வத்திக் கருத்து வரும்போதுதான் மரச்சீனியத் தோலுரிச்சுத் துண்டு போட உக்காருவா. கெழங்கு அரமணி நேரத்துல மாவா வெந்திரும். எறச்சிக்குக் கெழங்கு காத்துக் கெடக்கணும், அதுதான் நம்ம மொற.

இங்க மாடே வேற. ஒண்ணர வயசு, மிஞ்சிப்போனா ரெண்டு வயசுக்குள்ள கதை முடிஞ்சிருது. வண்டி இழுக்கல்ல, உழல்ல, கடைசி மாசங்கள்ல நின்ன எடத்துலயே சோளத்தத் தின்னுட்டு நிக்கு. கெவர்மெண்டு உத்தியோகம். அதுலயும் நீ வாங்கிட்டு வந்த ரிப்-ஐ முதுகெலும்ப ஒட்டுன சதை, மாட்டு ஒடம்புல இருக்க சோம்பேறிச் சதையில அதுவும் ஒண்ணு. சோலி செய்யாத சதைக்கு முரட்டு நாரு இல்ல, கொழுப்பு ஊடோடி வெள்ள வெள்ளையா நிக்கும். அந்தக் கொழுப்ப வச்சுத்தான் பிரைம், சாய்ஸ், செலக்டுன்னு இங்க தரம் குத்துதான். அப்பேர்ப்பட்ட எறச்சி ஒரு இஞ்சு கனம் இருந்தா, பக்கத்துக்கு மூணு நாலு நிமிசம் போதும். கெழங்குக்கோ, பொடிசா நறுக்குனாலும் கால் மணி நேரத்துக்குக் கொறயாது. ஆக இங்க கெழங்குக்கு எறச்சி காத்திருக்கணும். நீ ரெண்டையும் ஒண்ணா ஏத்தி, ரெண்டையும் ஒண்ணா எறக்குன. கெழங்கு கல்லு, எறச்சி செருப்பு.

போன் பயலு ஒன்ன ஏமாத்தல்ல. அவன் வீடியோவுல வரும்போதே கெழங்கு பாதி வெந்துதான் கெடந்தது. கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், அதுல ஆவி பறந்துது. அவன் மறச்ச கால் மணி நேரம்தான் நேத்து ஒன் தலையில விடிஞ்சுது.

இனி செய்யுத விதத்தக் கேட்டுக்க. எழுதி வைக்க வேண்டாம், போன எடுக்காத.

கெழங்கு வாங்கும்போது தவிட்டுத் தோலு ரசெட்டு வேண்டாம். அது மாவுக் கெழங்கு, கிண்டுனா ஒடஞ்சு களியாயிரும். மஞ்சளா இருக்கே யூகான் கோல்டு, அத எடு. பேருதான் யூகான், பொறந்தது கனடாவுல குவெல்ஃப் ஊர்ப் பல்கலைக்கழகத்துல, 1980-ல வெளிய விட்டானுவன்னு ஒன் பொண்டாட்டிதான் சொன்னா. படிச்ச பிள்ள, வச்சிக்கிடத் தெரிஞ்சிக்க. தோலு மெலிசு, உரிக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டும் ஒன் பெருவெரல் நுனி அளவு, அதுக்கு மேல ஒரு நூலு கூடப்படாது.

சட்டியில கெழங்கப் பரத்தி, அர டம்ளர் தண்ணியும் உப்பும் போட்டு மூடு. எண்ணெய் அப்பறம். தண்ணி கொதிச்சு, கெழங்கு ஆவியில வேகட்டு, எட்டு நிமிசம். கத்தி முனையால குத்துனா தடங்காம எறங்கணும். மூடியத் தொறந்து மிச்சத் தண்ணிய வத்த விட்டுப் பொறவு எண்ணெய் ஊத்து. இனிமேத்தான் முறுகும். அடிக்கடி கிண்டாத. பொண்ணுகிட்ட ஒருதரம் பேசிட்டு மறுமொழிக்குக் காத்திருக்க மாதிரி இரி. ஒரு பக்கம் பொன்னாகி, அதுவே சட்டிய விட்டு வந்திரும். வராட்டா அதுக்கு இன்னும் மனசில்லன்னு அர்த்தம், சுரண்டாத.

கெழங்கு ஆச்சா, அத ஒரு தட்டுல மாத்தி வை. இப்பத்தான் எறச்சிக்க மொற.

ஆனா எறச்சி சோலி அதுக்கு முன்னாலயே தொடங்கியிருக்கணும். உப்பு போடுத நேரத்துலதான் இங்க பாதிப்பேரு கோட்ட விடுதான். உப்பு போட்ட ஒடனே எறச்சி தண்ணி விடும். அந்தத் தண்ணியே உப்பக் கரச்சு, பைய மறுபடி உள்ள இழுத்துக்கிடும். அதுக்கு 40 நிமிசம் வேணும். ஆக ஒண்ணு, ஆபீஸ்லேருந்து வந்து சட்டையக் கழத்துததுக்கு முன்னால உப்பப் போடு. இல்லாட்டா சட்டியில போடப் போற நிமிசத்துல போடு. நீ நேத்து பத்து நிமிசத்துக்கு முன்னால போட்டியே, அதுதான் கெட்ட நேரம். வெளிய வந்த தண்ணி உள்ள போகல்ல, அப்படியே சட்டியில எறங்கிட்டு.

பொறவு துவர்த்து. கூரை டப்பாவுக்கு வீசுததுக்கு வச்சிருக்க துவர்த்த இதுக்கு எடுத்திருந்தா நேத்து அந்த அலறல் வந்திருக்காது. பேப்பர் துவர்த்தால எறச்சிய ஒத்தி ஒத்தி ஈரம் போக்கணும், குளிச்ச கொழந்தைக்குத் தலை தொவட்டுத மாதிரி. ஏன் தெரியுமா? நீதான நேத்து பாடம் நடத்துன, 1912-ல மையார்னு ஒரு பிரெஞ்சுக்காரன் கண்டுபிடிச்சான், எறச்சி பொன்னெறமாகி மணம் வாறது ஒரு ரசாயன மாத்தம்னு. அந்த மையாரு பேரு கேக்காமலே ஒங்க பூட்டி பொரிச்ச எறச்சியும் பொன்னெறமாத்தான் இருந்துது, அது கெடக்கட்டு. இந்த ஊர் பாரன்ஹீட்டுக் கணக்குல தண்ணி 212 டிகிரிக்கு மேல ஏறாது. அந்த நெறம் வர 300-ஐத் தொடணும். எறச்சி மேல ஈரம் இருக்க வரைக்கும் சட்டிச் சூடெல்லாம் அந்தத் தண்ணிய ஆவியாக்குததுலயே செலவாவும். பிரெஞ்சுக்காரன் பேரு ஒனக்கு மனப்பாடம், தொடைக்கத்தான் மறந்துபோச்சு.

இன்னொண்ணு சொன்னியே, "வெளிப்பக்கம் முறுகுனா சாறு உள்ள பூட்டிக்கிடும் பாட்டா"ன்னு. லீபிக்னு ஒரு ஜெர்மன்காரன் 1847-ல சொல்லிட்டுப் போன சங்கதியாமே. அந்தப் பூட்டு எங்க மக்களே? எறச்சி சட்டியில கெடக்கும்போது ஸ்ஸ்ஸுனு ஒரு சத்தம் நிக்காமக் கேக்குதே, அது என்ன சத்தம்? சாறு ஒழுகிச் சட்டியில விழுந்து ஆவியாகுத சத்தம். பூட்டியிருந்தா சத்தம் எங்கேருந்து வரும்? முறுக வைக்கது ருசிக்கு. அத மட்டும் ஒத்துக்கிட்டாப் போதும், சாறு எல்லாம் சும்மா பேச்சு.

சட்டி நல்லாக் காஞ்சு, லேசாப் புகை தெரியும்போது எறச்சிய வை. ஒன் பக்கத்துலேருந்து அந்தப் பக்கமாச் சாச்சு வை, எண்ணெய் ஒன் மேல தெறிக்காது. ஜன்னலத் தொறந்து வச்சிட்டு வை. ரெண்டு துண்டுக்கு நடுவுல ரெண்டு வெரல் எடம் வேணும். நெருக்குனா ரெண்டும் ஒண்ணையொண்ணு வேர்க்க வச்சு அவிஞ்சுபோவும், நம்ம தக்கலை பஸ்ஸுல காலம்பற நிக்குத ஆளுவ மாதிரி. ஒருதரம்தான் திருப்பணும்னு சட்டம் பேசுதவன் உண்டு. நான் நிமிசத்துக்கு ஒருதரம் திருப்புவேன், சீரா வேகும். ஒன் இஷ்டம்.

வெண்ணெய் எப்பம்? கடைசி ஒரு நிமிசம். வெண்ணெயில பால் சத்து இருக்கு, பெருந்தீயில அது கரிஞ்சு கசக்கும். தீயக் கொறச்சு, வெண்ணெயும் நசுக்குன வெள்ளப்பூடும் போட்டு, சட்டியச் சாச்சுக் கரண்டியால கோரிக் கோரி எறச்சி மேல ஊத்து. இந்த ஊர்க்காரன் ரோஸ்மேரி கொத்து போடுதான். நான் கருவேப்பில போட்டேன், யாரும் சாகல்ல.

எறச்சிக்குள்ள நீ சூடு பாக்குத கம்பியக் குத்துனப்ப "என்னல, காய்ச்சலா"ன்னு சிரிச்சேன். அது தப்பு, வாபஸ் வாங்கிக்கிடுதேன். கையால அமுக்கிப் பாத்துச் சொல்லுத கைப்பக்குவம் ஒங்க பாட்டிக்கு நாப்பது வருசத்துல வந்தது. ஒனக்குக் கம்பிதான் பாட்டி. 130-ல எடுத்தா உள்ள ரோசாப்பூ நெறம், மீடியம் ரேர்ங்கானுவ. எடுத்துவச்ச பொறவும் சூடு நாலஞ்சு டிகிரி தானா ஏறும். அமெரிக்க சர்க்காரு கணக்குல 145, அதுக்கு மேல 3 நிமிசம் ஆற வைக்கணும். என்ன மாதிரிக் கெழவனுக்கும், வயித்துல பிள்ள இருக்கவளுக்கும் சர்க்காரு கணக்குதான் சரி. ஒன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தா எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அத நீயே கேட்டுக்க. தட்டுல வாற செவப்புத் தண்ணியப் பாத்து அவ ரத்தம்னு அருவருத்தா, அது ரத்தமில்லன்னு சொல்லு. ரத்தம் அறுத்த எடத்துலயே போயிரும். இது தசையில ஊறியிருக்க செவப்புச் சத்தும் தண்ணியும்.

எறச்சி அஞ்சு நிமிசம் தட்டுல ஆறட்டு. அதுக்குள்ள கெழங்கு திரும்பச் சட்டிக்குப் போவட்டு. இப்பம் சட்டியில என்ன கெடக்கு? எறச்சிக் கொழுப்பு, பூடு, வெண்ணெய், அடியில ஒட்டுன கருஞ்செவப்பு. அதுல கெழங்கப் பெரட்டு. ஒத்தச் சட்டியில ஆக்குததுக்கு உள்ள ஒரே காரணம் இதுதான் மக்களே. ஒங்க பாட்டி எறச்சிச் சட்டியில கடைசியாச் சோத்தப் போட்டுப் பெரட்டி உருட்டித் தருவாளே, அதே சங்கதி. அந்த உருண்டைக்கு நீயும் ஒன் தம்பியும் போட்ட சண்டை எனக்கு ஓர்மை இருக்கு.

அடி ரொம்பப் பிடிச்சிருந்தா ஒரு காக் கப்பு கட்டங்காப்பிய ஊத்திச் சுரண்டு. மொறைக்காத. தெக்கத்தி அமெரிக்காக்காரன் பன்னித்தொடையப் பொரிச்ச சட்டியில கட்டங்காப்பி ஊத்தி ரெட்-ஐ கிரேவின்னு ஒண்ணு செய்யுதான். அடுத்த வீட்டுக் கெழவன் என்னக் கூப்புட்டுத் தந்தான். அவன் பேசுதது எனக்குப் புரியல்ல, நான் பேசுதது அவனுக்குப் புரியல்ல, தட்டு ரெண்டும் காலி.

நறுக்குதது என் சோலி, இனி அத எவங்கிட்டயும் விடமாட்டேன். நாப்பத்திரெண்டு வருசம் ரப்பர் பால் வெட்டுன கை. மரத்துல பட்டைய ஒரு நூலு ஆழம் கூட வெட்டுனாக் காயம், கொறய வெட்டுனாப் பால் இல்ல. எறச்சிக்கும் ஓட்டம் உண்டு. உத்துப் பாரு, நாரு ஒரு பக்கமா ஓடும், ஆத்துல கோரை சாஞ்சு கெடக்குத மாதிரி. அதுக்குக் குறுக்க வெட்டு. ஓட்டத்தோட வெட்டுனா நாரு நீளமா வாயில போயி, கயிறு சவைக்கணும். நேத்து நீ ஓட்டத்தோட வெட்டுன. பிச்சாத்தியும் மொட்ட.

கெழங்கப் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. உருளையும் மரச்சீனியும் ரெண்டுமே தென்னமெரிக்காக் கெழங்கு. நாம திருவிதாங்கூர்ல இருந்த காலத்துல, 1880-கள்ல, விசாகம் திருநாள் மகாராசா மரச்சீனிய நடச் சொல்லிப் பரப்புனாரு. அதுதான் பஞ்சத்துல நம்ம வயித்த நெறச்சுது. ஒரு கண்டத்துலேருந்து பொறப்பட்ட ரெண்டு கெழங்குல ஒண்ணு மார்த்தாண்டம் சந்தைக்கு வந்து சேந்துது, மத்தது இந்த அமெரிக்காக்காரனுக்குப் போச்சு. ரெண்டு எடத்துலயும் எவனோ ஒருத்தன் அதப் பொரிச்ச எறச்சியோட சேத்துத் தின்னுருக்கான். இது வெள்ளக்காரன் சாப்பாடுன்னு நீ மூக்கத் தூக்கிப் பேசாத.

சரி, சட்டிக்கு வாறேன். போன மாசம் நாம இருக்குத இந்தச் சட்டனூகாவுலேருந்து அர மணிக்கூருக்குக் கொஞ்சம் கூட வண்டி ஓட்டி சௌத் பிட்ஸ்பர்க்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போன. 1896-ல ஜோசப் லாட்ஜ்னு ஒருத்தர் தொடங்குன இரும்பு வார்ப்புப் பட்டற. 1910-ல அது எரிஞ்சுபோக, மறுபடி கட்டி லாட்ஜ்னு பேர வச்சாரு. அங்க ஒரு சட்டி, கைப்பிடிக்குக் கைப்பிடி 18 அடி. அது முன்னால நீ ஒம்பது படம் எடுத்த. நான் கடைக்குள்ள போயி, பொண்ணு பாத்த மாதிரி ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்து, 12 இஞ்சுச் சட்டி ஒண்ண என் காசுலயே ஒனக்கு வாங்கித் தந்தேன். வாங்குனப்பவே என்ன சொன்னேன்? நம்ம தோசக்கல்லு ஜாதி இது. எண்ணெய் காஞ்சு காஞ்சு இரும்போட ஒட்டி, கருப்பா ஒரு தோலு கட்டும். ஒரு சொட்டுச் சோப்பு பட்டாச் செத்துப்போவாது, ஆனா தண்ணியில ஊறுனாத் துரு ஏறி அந்தத் தோலு போவும். கழுவுன ஒடனே தொடச்சு, தீயில வச்சு ஈரம் போக்கி, ஒரு பொட்டு எண்ணெய் தடவி வைக்கணும்னு சொன்னேனா இல்லியா?

இப்பம் அந்தச் சட்டி எங்கல? அலமாரியில காணல்ல. அடுப்புலயும் காணல்ல.

ஏன் தலையக் குனியுத? சிங்க்குலயா? தண்ணி ஊத்தியா? ராத்திரி முழுக்கவா?

எழும்பு. ஓடிப்போயி மொதல்ல அத எடு. தொடச்சு அடுப்புல வை, எண்ணெய் நான் கொண்டுவாறேன்.